முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் ஒரு பிட்சர்

பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சரை ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டால் அத்தோடு சரி. கிரிக்கெட்டில் நான்கு ஓவர் வீசியவரை ஃபைன் லெக்கில் நிறுத்திவைத்துப் பந்து பழசானதும் மறுபடி கூப்பிடலாம். இங்கே போனவர் போனவர்தான். ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட், மொத்தம் 27 அவுட். இவற்றைத் தன்னிடமுள்ள பிட்சர்களுக்கு எப்படிப் பங்கிட்டுக் கொடுப்பது என்பது அமெரிக்க பேஸ்பால் மேனேஜர்களின் தீராத தலைவலி.

வழக்கமான ஏற்பாடு எளிமையானது. ஐந்து ஸ்டார்ட்டர்கள் முறை வைத்து, நாளுக்கு ஒருவராக ஆட்டத்தைத் தொடங்குவார்கள். அவர் களைத்துப்போனால் ‘புல்பென்’ என்ற ஒதுக்கிடத்தில் தயாராக இருக்கும் ரிலீவர்கள் வந்து முடித்துவைப்பார்கள். ஒரு காலத்தில் அந்த ரிலீவருக்கே அதிகம் வேலை இருந்ததில்லை. 1972இல் பிலடெல்பியாவின் ஸ்டீவ் கார்ல்டன் என்ற ஒரே ஆள் 30 ஆட்டங்களை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை தானே வீசி முடித்தார். 2024இல் மேஜர் லீகின் 30 அணிகளும் சேர்ந்து அப்படி முடித்த ஆட்டங்கள் 28.

இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிய நாள் 2018 மே 19. கலிஃபோர்னியாவின் அனஹைமில் ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக டாம்பா பே ரேஸ் அணி செர்ஜியோ ரோமோவைக் கொண்டு ஆட்டத்தைத் தொடங்கியது. 35 வயதான ரோமோ ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ரிலீவராகவே இறங்கியவர், ஒன்றில்கூட ஸ்டார்ட்டராக இருந்ததில்லை. கோசார்ட், ட்ரவுட், அப்டன் என்று வரிசையாக வந்த மூவரையும் பந்தை அடிக்கவிடாமலே ‘ஸ்ட்ரைக் அவுட்’ ஆக்கினார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. இரண்டாவது இன்னிங்ஸிலிருந்து ரயன் யார்ப்ரோ என்ற இடக்கைக்காரர் வந்து ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பார்த்துக்கொண்டார். மறுநாளும் ரோமோவே தொடங்கினார். ‘ஓப்பனர்’ என்ற உத்தி இப்படித்தான் ஊரறிய வந்தது.

இதில் என்ன லாபம்? முதல் இன்னிங்ஸில் எந்த மூவர் மட்டையோடு வருவார்கள் என்பது மேனேஜருக்கு முன்கூட்டியே தெரியும். வேறெந்த இன்னிங்ஸுக்கும் இந்த உறுதி கிடையாது. எதிரணியின் மிகச் சிறந்த மட்டையாளர்கள் வரிசையின் தலைமாட்டில் இருப்பதால் சராசரியாக அதிக ரன் விழுவதும் முதல் இன்னிங்ஸில்தான். ஏஞ்சல்ஸின் முதல் மூவரும் வலக்கைக்காரர்கள். வலக்கை மட்டையாளர்களைத் தன் ‘ஸ்லைடர்’ என்ற விலகிச் செல்லும் பந்தால் திணறடிக்கும் ரோமோவை அவர்கள் முன் நிறுத்தியது கணக்குப் பார்த்துச் செய்த காரியம்.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. ஒன்பது பேர் கொண்ட மட்டை வரிசை ஒரு பிட்சரை மூன்றாவது சுற்றில் சந்திக்கும்போது அவரை நன்றாகவே அடிக்கிறது. பிட்சரின் கை களைத்திருக்கும், மட்டையாளருக்கோ அவருடைய பந்துகளெல்லாம் பழகிப்போயிருக்கும். ஓப்பனர் முதல் மூன்று நான்கு பேரைக் கவனித்துக்கொண்டால், பிறகு வருபவர் வரிசையின் நடுவிலிருந்து தொடங்குவார். தலைமாட்டு ஆட்களை மூன்றாம் முறை சந்திக்கும் ஆபத்து அவருக்குத் தள்ளிப்போகும், ஒருவேளை வராமலே போய்விடும்.

இவ்வளவு தெளிவான கணக்கு ஏன் 2018 வரை காத்திருந்தது? என் பார்வையில், தடை மைதானத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருந்தது. ஒரு ஸ்டார்ட்டரின் பெயரில் வெற்றி எழுதப்பட வேண்டுமானால் அவர் ஐந்து இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும் என்பது விதி. மூன்று ஆண்டு அனுபவம் சேர்ந்த வீரரின் சம்பளம் நடுவர் மன்றம் வரை போகும்போது, எத்தனை வெற்றி, எத்தனை ஆட்டம் தொடங்கினார் என்பதெல்லாம் பேரத்தில் எடைபோடப்படும். பிட்சரிடம் போய் ‘நீ மூன்று இன்னிங்ஸ் வீசினால் போதும்’ என்பது அவர் சட்டைப்பையில் கைவைப்பது போல.

1993 ஜூலையில் ஓக்லாந்து மேனேஜர் டோனி லா ரூஸா இதில்தான் சிக்கினார். ஒன்பது பிட்சர்களை மும்மூன்று பேராகப் பிரித்து, ஒவ்வொருவரும் ஏறக்குறைய 50 பந்து வீசினால் போதும், மூன்று நாளுக்கு ஒருமுறை முறை வரும் என்று ஏற்பாடு செய்தார். அந்தக் குழுக்களில் இருந்த பாப் வெல்ச் 1990இல் 27 வெற்றி கண்டவர். முதலில் வீசுபவருக்கு இனி வெற்றிக் கணக்கே திறக்காது என்ற ஏற்பாடு அப்படிப்பட்டவருக்கு எப்படி ருசிக்கும்? சோதனை ஒரு வாரம்போலத்தான் தாக்குப்பிடித்தது. அணி அந்தப் பருவத்தைத் தன் பிரிவில் கடைசி இடத்தில் முடித்தது. அதே லா ரூஸாதான் ரிலீவர் டென்னிஸ் எக்கர்ஸ்லியைக் கடைசி ஒரு இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்கும் பழக்கத்தை நிலைநிறுத்தியவர். ஆட்டத்தின் வாலில் ஒரு இன்னிங்ஸ் என்றதை ஏற்ற உலகம், தலையில் என்றதை ஏற்க மேலும் 25 ஆண்டு எடுத்துக்கொண்டது.

2012இல் கொலராடோ ராக்கீஸும் ஒரு கை பார்த்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரின் மெல்லிய காற்றில் வளைபந்து சரியாக வளையாது, அடித்த பந்து நெடுந்தூரம் பறக்கும். ஐந்து ஸ்டார்ட்டருக்குப் பதில் நால்வர், ஆளுக்கு 75 பந்து வரம்பு என்று முயன்றார்கள். 98 தோல்வியோடு பருவம் முடிந்தது, மேனேஜர் ஜிம் ட்ரேசி விலகினார். அந்தத் தோல்விக்கு உத்தியை மட்டும் பழிக்க முடியாது; வீசுவதற்கு நல்ல கைகள் இல்லாத அணி அது.

ரேஸ் ஜெயித்ததற்கும் காரணம் கைகள்தான், கூடவே அந்தக் கைகளின் விலை. லீகின் மிகச் சிக்கனமான அணிகளில் அது ஒன்று. யார்ப்ரோ போன்ற அறிமுக வீரர்கள் மேலிடத்தோடு வாதாடும் நிலையில் இல்லை. அந்த ஆண்டு யார்ப்ரோ 16 வெற்றி பெற்றார், ஆனால் தொடங்கிய ஆட்டங்கள் ஆறே ஆறு. ரைன் ஸ்டானெக் என்ற இளைஞர் 29 ஆட்டங்களைத் தொடங்கியும் பருவம் முழுக்க 70 இன்னிங்ஸைக்கூட எட்டவில்லை. அணி 90 ஆட்டங்களை வென்றது. அந்த அணியிலேயே பிளேக் ஸ்னெல்லுக்கு ஓப்பனர் வைக்கவில்லை; அவர் பழைய பாணியில் வீசி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். உத்தியின் நியாயம் இதிலேயே தெரிகிறது: ஓப்பனர் என்பது ஐந்து நல்ல ஸ்டார்ட்டர் இல்லாதவர்களின் ஏற்பாடு.

ஏமாற்று வேலைக்கும் இதில் இடமுண்டு. மேஜர் லீகின் இறுதிப் போட்டித்தொடரான உலகத் தொடரில், 1924இன் ஏழாவது ஆட்டத்தில் வாஷிங்டன் மேனேஜர் பக்கி ஹாரிஸ், கர்லி ஆக்டன் என்ற வலக்கைக்காரரை அனுப்பினார். அதை நம்பி நியூயார்க் ஜயன்ட்ஸ், இடக்கையால் அடிக்கும் பில் டெர்ரியை வரிசையில் சேர்த்தது. ஆக்டன் இரண்டே பேருக்கு வீசியதும், இடக்கை மட்டையாளர்களுக்குக் கடினமான இடக்கை பிட்சர் மோக்ரிட்ஜ் உள்ளே வந்தார். 12 இன்னிங்ஸ் நீண்ட அந்த ஆட்டத்தை வாஷிங்டன் வென்றது. 2018இல் மில்வாக்கி மேனேஜர் கிரெய்க் கவுன்செல் இதே வித்தையை டாட்ஜர்ஸ் அணியிடம் காட்டினார். பிட்சர் வேட் மைலி ஒரே ஒருவருக்கு வீசிவிட்டு வெளியேறினார், ஆனாலும் ஆட்டம் கைக்கு வரவில்லை. 2020இல் வந்த விதிப்படி, காயம்பட்டாலொழிய பிட்சர் குறைந்தது மூவருக்கு வீச வேண்டும், இல்லையேல் அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். வித்தைக்கு வாசல் ஏறக்குறைய அடைபட்டது.

மூன்றாம் சுற்றுக் கணக்குக்குக் கிடைத்த மிகப் பெரிய அடி 2020 அக்டோபர் 27 இரவு விழுந்தது. உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், ரேஸ் 1-0 என முன்னிலை. ஸ்னெல் 73 பந்துதான் வீசியிருந்தார், ஒன்பது ஸ்ட்ரைக் அவுட். டாட்ஜர்ஸின் முதல் மூவரான பெட்ஸ், சீகர், டர்னர் ஆளுக்கு இரண்டு முறை வந்து ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தார்கள். ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட், களத்தில் ஒரு ஓட்டக்காரர், மூன்றாம் முறையாக பெட்ஸ் வருகிறார். மேனேஜர் கெவின் கேஷ் படியேறி வந்து பந்தை வாங்கிக்கொண்டார். உள்ளே வந்த ரிலீவர் நிக் ஆண்டர்சனின் பந்தில் பெட்ஸ் இரண்டு பேஸ் ஓடினார், சில நிமிடங்களில் ரேஸ் பின்தங்கியது, கோப்பையும் போயிற்று. கேஷை இன்றும் திட்டுகிறார்கள். ஸ்னெல்லை எடுத்ததை விடவும், முந்தைய ஆட்டங்களில் தொடர்ந்து ரன் கொடுத்துவந்த ஆண்டர்சனை உள்ளே விட்டதுதான் பிழை என்பேன்.

உத்தி ஓய்ந்துவிடவில்லை. 2024இல் டெட்ராய்ட் டைகர்ஸ், டாரிக் ஸ்குபல் என்ற ஒரு அசல் ஸ்டார்ட்டரையும் மற்ற நாள்களுக்கு ரிலீவர் கூட்டத்தையும் வைத்துக்கொண்டு பத்தாண்டுக்குப் பிறகு பிளே-ஆஃப் கண்டது. அதே ஆண்டு டாட்ஜர்ஸ் ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தில் எட்டு பிட்சர்களை மாற்றி மாற்றி இறக்கி சான் டியேகோவை 8-0 என வீழ்த்தியது. கோப்பையையும் கொண்டுபோனது.

2025இல் அதே டாட்ஜர்ஸ் எதிர்த்திசையில் போனது. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் தன் ஸ்டார்ட்டர்களையே ரிலீவர்களாக்கினார். ஒஹ்தானி தொடங்கினார், கிளாஸ்னோ வந்தார், இப்போது டாட்ஜர்ஸ் சட்டையிலிருக்கும் ஸ்னெல் வந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்னெல்லுக்குப் பதிலாக யொஷினொபு யமமோட்டோ இறங்கினார். முந்தைய இரவு ஆறு இன்னிங்ஸ், 96 பந்து வீசியிருந்தவர் அவர். ஓய்வே இல்லாமல், 11ஆவது இன்னிங்ஸ் வரை அவரே வீசி டொரொன்டோவை 5-4 எனச் சாய்த்தார்.