வெள்ளாற்றங்கரை நடைவழி: பெண்ணாடம் முதல் ரஞ்சன்குடிக் கோட்டை வரை

கடலூர் மாவட்டத்தின் பெண்ணாடத்திலிருந்து மேற்கே, வெள்ளாற்றை ஒட்டியுள்ள ஊர்கள் வழியாகச் சென்று, பெரம்பலூர் மாவட்டத்தின் ரஞ்சன்குடிக் கோட்டையில் முடியும் வழி இது. அரசு அறிவித்த நடைபாதை அன்று. ஊர்ச் சாலைகளும் வண்டிப் பாதைகளும் சேர்ந்த ஒரு தடம். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 40 கி.மீ. இருப்பதால் முழுவதையும் ஒரே நாளில் நடந்து முடிப்பது கடினம். பெண்ணாடம் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிட்டுத் திட்டக்குடி வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து நடப்பது ஏற்றது. அதுவும் 20 கி.மீ.க்கு மேல் வரும். அவ்வளவு நடக்க இயலாதவர்கள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து தொடங்கலாம்.

தொடக்கம்: தூங்கானை மாடம்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்துக்கு அருகில், விழுப்புரம் – திருச்சி இருப்புப்பாதையில் உள்ள ஊர் பெண்ணாடம். இவ்வூரின் பிரளயகாலேசுவரர் கோயில் தேவாரத்தில் தூங்கானை மாடம் எனப்படுகிறது. கருவறை விமானத்தின் பின்புறம் படுத்துறங்கும் யானையின் முதுகைப் போல வளைந்திருப்பதே இப்பெயருக்குக் காரணம். கட்டடக் கலையில் இவ்வடிவத்தைக் கஜபிருஷ்ட விமானம் என்பர். முன்வாசலில் நின்று பார்த்தால் இது தெரியாது. பிராகாரத்தைச் சுற்றிப் பின்பக்கம் வர வேண்டும். அப்பர் தம் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பெற்ற தலமாகவும், அறுபத்துமூவருள் ஒருவரான கலிக்கம்ப நாயனாரின் ஊராகவும் இது போற்றப்படுகிறது. சிவஞானபோதம் இயற்றிய மெய்கண்டாரின் பிறப்பும் இவ்வூரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது.

இங்கிருந்து மேற்கே நடந்து போவது புதிய பழக்கம் அன்று. பெரியபுராணத்தின்படி, சிறுவரான சம்பந்தர் தூங்கானை மாடத்தை வழிபட்ட பின் தந்தையின் தோளில் ஏறாமல் திருநெல்வாயில் அரத்துறைக்குக் கால்நடையாகவே புறப்பட்டார். நடை தளர்ந்து மாறன்பாடியில் இரவு தங்கினார். அவருக்கு முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் அளிக்குமாறு இறைவன் அரத்துறை அடியார்களின் கனவில் பணித்தார் என்பது வரலாறு. மாறன்பாடி இன்று இறையூர் எனவும், அரத்துறை இன்று திருவட்டத்துறை எனவும் வழங்குகின்றன. இரண்டும் பெண்ணாடத்துக்கும் திட்டக்குடிக்கும் இடைப்பட்டவை. பேருந்தில் சில நிமிடங்களில் கடந்துவிடும் இந்தத் தொலைவுதான் ஒரு குழந்தையின் பாதத்துக்கு ஒரு நாள் வழியாக இருந்திருக்கிறது.

ஆறும் ஊர்களும்

சேலம் மாவட்ட மலைகளில் தோன்றும் வசிஷ்ட நதியும் சுவேதா நதியும் கலந்து வெள்ளாறு ஆகிறது. பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலில் சேர்கிறது. தேவாரம் இதனை நிவா என்று குறிக்கிறது. ஆற்றின் இரு கரையிலும் திருவட்டத்துறை, திருமாந்துறை, ஆடுதுறை, திருவாலந்துறை எனத் ‘துறை’யில் முடியும் ஊர்ப்பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. பாலங்கள் வருவதற்கு முன் ஆற்றில் இறங்கிக் கரையேறிய இடங்களை இப்பெயர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி மணலே கண்ணுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறு வேறு முகம் காட்டும். அப்போது பாலத்தை விட்டு இறங்கக் கூடாது.

திட்டக்குடியில் பாலம் கடந்தால் அகரம்சீகூர். இங்கே மாவட்டம் மாறுகிறது, சற்று தொலைவில் பயிரும் மாறுகிறது. ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் கண்ட கண்ணுக்குத் தெற்கே போகப் போக மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் தென்படும். பெரம்பலூர் மாவட்டம் இம்மூன்று பயிர்களுக்கும் பெயர்பெற்றது. கரிசல் மண் மழைநாளில் செருப்பைக் கழற்ற வைத்துவிடும். ஆகவே மார்கழி, தை, மாசி மாதங்களே நடைக்கு ஏற்றவை. சித்திரை, வைகாசியில் இந்தத் தடத்தை நினைக்கவே வேண்டாம். நிழல் மிகக் குறைவு.

வழியில் உள்ள பெரிய ஊர் லப்பைக்குடிக்காடு. தமிழ் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் பேரூராட்சி என்பதை அதன் பெயரே சொல்லும். தேநீரும் மதிய உணவும் எளிதாகக் கிடைக்கும் இடம் என்பதால் குடிநீரை இங்கேயே நிரப்பிக்கொள்வது நல்லது. பிறகு திருமாந்துறையில் சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலை குறுக்கிடுகிறது. முன்னர் 45 என்ற எண்ணால் அறியப்பட்ட இச்சாலை இப்போது 38. வண்டிகளின் வேகத்தை எண்ணி, இயன்றவரை உட்புற ஊர்ச் சாலைகளிலேயே மங்களமேடு வரை நடப்பது பாதுகாப்பானது. அதன் அருகிலேயே ரஞ்சன்குடி.

கோட்டை

கர்நாடக நவாபுக்குக் கட்டுப்பட்ட ஜாகீர்தார் ஒருவரால் 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டதாகக் கருதப்படும் இக்கோட்டை, செதுக்கிய கருங்கற்களால் ஆனது. நீள்வட்டமாக அமைந்த மதில், அதில் அரைவட்டக் கொத்தளங்கள், வெளியே அகழி, உள்ளே ஒன்றைவிட ஒன்று உயர்ந்து செல்லும் மூன்று அரண் வரிசைகள். செஞ்சியைப் போல மலைகளை வளைத்துக் கட்டியதன்று. ஒரு பாறைமேட்டை மட்டும் இறுகப் பற்றியிருக்கிறது. முதல் வாயிலில் நுழைபவர் திரும்பித் திரும்பித்தான் மேலே போக முடியும், ஒவ்வொரு திருப்பத்திலும் மேலிருப்பவரின் பார்வையில் படுவார். உச்சிக்குச் சென்று சுற்றிலும் விரியும் சமவெளியைப் பார்த்தால், தெற்கு வடக்காகச் செல்லும் பெருவழியைக் காவல் காக்கவே இந்த இடத்தைத் தேர்ந்திருக்கிறார்கள் என்பது புரியும். இப்போது இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

1751இல் நடந்தது

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பதிவுகளில் ‘வால்கொண்டா’ என வரும் கோட்டை இதுவே என்று கொள்ளப்படுகிறது. அருகிலுள்ள வாலிகண்டபுரத்தின் பெயர் அவ்வாறு திரிந்தது. 1751இல் வால்கொண்டாப் போரில் ஆங்கிலேயர் வென்றதாகச் சில சுற்றுலாக் குறிப்புகள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. நடந்தது அதற்கு நேர்மாறு.

ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டியிட்டனர். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, பின்னவருக்கு ஆங்கிலேயர் துணை. 1751இல் கேப்டன் ஜிஞ்சன் தலைமையில் ஏறத்தாழ 500 ஐரோப்பியரும் 1,000 சிப்பாய்களும் கொண்ட படை கடலூரின் புனித டேவிட் கோட்டையிலிருந்து புறப்பட்டது. கோட்டைபோல் காவல் வைக்கப்பட்டிருந்த விருத்தாசலம் கோயிலை வழியில் கைப்பற்றிக்கொண்டு மேற்கே வால்கொண்டாவை நோக்கி நகர்ந்தது. இன்று பெண்ணாடத்திலிருந்து கிளம்புபவர் செல்வதும் அதே திசைதான்.

கோட்டையின் தலைவரான கில்லேதார் எந்தப் பக்கமும் சாயவில்லை. இரு தரப்புடனும் பேசிக்கொண்டே நாள் கடத்தினார். யார் வெல்வார் என்று தெரியாத நிலையில் ஒரு சிறு கோட்டைக்காரர் செய்யக்கூடிய அறிவுள்ள செயல் அதுவாகத்தான் இருந்திருக்கும். பொறுமையிழந்த ஜிஞ்சன் இரவில் தாக்கினார். படை புறநகரான பேட்டைக்குள் புகுந்து தீ வைத்தது. கற்கோட்டையை மட்டும் அசைக்க முடியவில்லை. பேட்டை எரிந்ததைக் கண்ட கில்லேதார் பிரெஞ்சுப் படையை அழைத்துக்கொண்டார். அடுத்து நடந்த மோதலில் ஐரோப்பிய வீரர்கள் கலைந்து ஓடினர். இளம் அதிகாரியாக உடனிருந்த ராபர்ட் கிளைவும் மற்றவர்களும் எவ்வளவு முயன்றும் அவர்களை நிறுத்த இயலவில்லை. சிப்பாய்களும் ஆப்பிரிக்க வீரர்களும் அவர்களைவிட உறுதியாக நின்றனர் என்று ஆங்கிலேய வரலாற்று நூல்களே ஒப்புக்கொள்கின்றன. படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்க, சந்தா சாகிபு பின்தொடர்ந்து வந்து திருச்சியை முற்றுகையிட்டார். அந்த முற்றுகையைத் தளர்த்தவே கிளைவ் ஆர்க்காட்டைத் தாக்கும் திட்டத்தை முன்வைத்தார். 1751 செப்டம்பரில் ஆர்க்காடு வீழ்ந்தது. பள்ளிப் பாடநூல்கள் ஆர்க்காட்டிலிருந்து கதையைத் தொடங்குவதால், அதற்கு முன்னிருந்த இந்தத் தோல்வி பலர் கண்ணில் படுவதில்லை.

1752இல் காற்று திசை மாறியது. திருவரங்கத்தில் சிக்கியிருந்த பிரெஞ்சுப் படைக்கு உதவி கொண்டுவந்த தளபதி தொத்தேய், கிளைவின் துரத்தலுக்கு அஞ்சி வால்கொண்டாவுக்கு ஓடிவந்தார். முந்திய ஆண்டு அவரை அழைத்த அதே கோட்டை இம்முறை கதவைத் திறக்கவில்லை. கற்கோட்டைக்கு வெளியே மாட்டிக்கொண்ட அவர் சரணடைந்தார். சில நாள்களில் திருவரங்கப் படையும் பணிந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டார்.

அகழிக்கரையில் நின்று வாயிலைப் பார்ப்பவர் தொத்தேய் நின்ற பக்கத்தில்தான் நிற்கிறார். மாலை வெயில் சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். உட்புறப் படிகள் சீரற்றவை, நிலவறைகளுக்குள் வெளிச்சம் இல்லை. நெடுஞ்சாலைக்கு வந்தால் வடக்கே தொழுதூருக்கும் தெற்கே பெரம்பலூருக்கும் பேருந்து கிடைக்கும். பெண்ணாடம் திரும்புபவர்கள் தொழுதூரில் இறங்கித் திட்டக்குடி வழியாகச் செல்லும் விருத்தாசலம் பேருந்தில் மாற வேண்டும்.