போதகர் யாரிடம் சொல்வார்?

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போனால், வேலூர் டவுனுக்கு முன்பே பாகாயம் வந்துவிடும். சி.எம்.சி.யின் மனநல மையம் 1957லிருந்து அங்கேதான் இருக்கிறது. வீட்டு ஆள் ஒருவரையும் கூடவே தங்கவைத்து வைத்தியம் பார்ப்பது அவர்கள் வழக்கம். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும், ஆரணி மாதிரி ஒரு பட்டுத்தறி ஊரின் போதகர் அங்கே போய் உட்காருவது லேசில்லை. மற்றவர்களுக்கு 'நாலு பேர் பார்ப்பாங்களே' என்ற பயம். போதகருக்கு அந்த நாலு பேரும் சபையார். குடியிருக்கும் வீடு சபையுடையது. கொஞ்சம் மனம்விட்டுப் பேச ஒரு நண்பர் கிடைப்பதற்குள் மாற்றல் வந்துவிடும். தனிச்சபை பாஸ்டர் என்றால் மாற்றல் இல்லை, ஆனால் காணிக்கை குறைந்தால் வீட்டில் அடுப்பெரியாது.

வேலையும் அப்படி. காலையில் அடக்க ஆராதனை, சாயங்காலம் கல்யாணம். இரண்டுக்கும் ஏற்ற முகம் வேணும். ராத்திரி ஒரு வீட்டுச் சண்டை போனில் வரும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. தூக்கம் கெடுகிறது, ஜெபிக்க உட்கார்ந்தால் வெறுமை. டாக்டர் இதை மனச்சோர்வாக இருக்குமோ என்று பார்ப்பார். போதகரோ தன் விசுவாசத்தையே சந்தேகப்பட்டு, உபவாசத்தைக் கூட்டுவார். ஏற்கெனவே சாப்பாடும் தூக்கமும் இல்லாத உடம்பு அது!

சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது சாப்பாடும் தண்ணீரும்தான். பிறகு எலியா மறுபடி தூங்கினார். இதைப் பிரசங்கம் பண்ணாத போதகர் கிடையாது. தனக்கென்று எடுத்துக்கொள்பவர்தான் குறைவு.

ஸ்டான்லி ஜோன்ஸை இங்கே சொல்லணும். 1907இல் இந்தியா வந்த மெதடிஸ்ட் மிஷனரி. சில வருஷ உழைப்பில் மனமும் உடம்பும் திரும்பத் திரும்பக் குலைந்தன. லக்னோவில் ஜெபத்தில் சுகம் கிடைத்ததாக அவரே வெளிப்படையாக எழுதினார். அதே மனிதர்தான் 1950இல் அதே லக்னோவில் நூர் மன்சில் என்ற மனநல மருத்துவமனையைத் தொடங்கினார். ஜெபமும் மருந்தும் அவருக்கு எதிரெதிராகத் தெரியவில்லை.

சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது 2017ஆம் வருஷ மனநலச் சட்டம். பஸ் ஏறத் தயங்குபவருக்கு டெலி மானஸ் இருக்கிறது: 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். ஆனால் பாகாயத்தில் போய்த் தங்க வேண்டி வந்தால், கூட இருக்கப்போவது பெரும்பாலும் போதகரின் மனைவிதான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் இரண்டு இடம் காலியாக இருக்கும். 'ஐயா எங்கே?' என்று கேட்பவர்களுக்குச் சபைச் செயலாளர் 'உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்காங்க' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பாட்டு நம்பரை அறிவிப்பாரா?