ஓவசியருக்கும் பயிற்சி வேண்டும்



கடை வாசலில் வெட்டிய வாய்க்கால் நான்கு நாட்கள் மூடப்படாமல் கிடந்தால் அந்த நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? சபையின் கணக்கில் அது வராது. நமது கல்லாவில்தான் குறையும்.

சில வருடங்களுக்கு முன் குடாநாட்டின் ஒரு சந்தைத் தெருவில் எனக்கு இது நடந்தது. ஊரின் பெயரும் சபையின் பெயரும் வேண்டாம். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம். முன்னறிவித்தல் எதுவுமின்றி பெக்கோ வந்து வாசல்களை வெட்டிவிட்டுப் போனது. மறுநாள் வேலையாட்கள் வந்தார்கள், சீமெந்து வரவில்லை. அதற்கடுத்த நாள் சீமெந்து வந்தது, பலகை அடிப்பவர் வரவில்லை. கோபத்தோடு பொறுப்பானவரிடம் போனேன். இருபது வருடம் மேசனாக இருந்து மேற்பார்வையாளர் ஆனவர் அவர். கைத்தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. "முதலாளி, எனக்குக் கல்லுக் கட்டத் தெரியும். பத்துப் பேரை வைச்சு வேலை வாங்க ஒருத்தரும் எனக்குப் பழக்கித் தரேல்லை" என்றார். என் கோபம் அடங்கிவிட்டது. அவர் சொன்னது உண்மை.

நல்ல மேசன் வேறு, நல்ல மேற்பார்வையாளர் வேறு. முதலாமவர் தன் கையால் வேலை செய்கிறார். இரண்டாமவர் மற்றவர்களின் கைகளால் வேலை செய்விக்க வேண்டும். பதவியைக் கொடுத்துவிட்டுப் பயிற்சியைக் கொடுக்காமல் விடுவது அவருக்கும் அநீதி, வரி கட்டும் நமக்கும் அநீதி.

இதன் முக்கியத்துவத்தைத் தெல்லிப்பழையில் நின்று பார்த்தால் நன்றாக விளங்கும். வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் காணிகள் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. பற்றை மூடிக் கிடந்த ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு முதலில் வேண்டியவை வீதி, வடிகால், கிணறு, தெருவிளக்கு. உள்ளூர் வீதிகளையும் வடிகால்களையும் பராமரிக்கும் பொறுப்பை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைகளிடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அதே ஊருக்குள்ளால் போகும் யாழ்ப்பாணம் - காங்கேசன்துறை வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. எந்த மதகு யாருடையது, யாரிடம் பேச வேண்டும் என்பதை அறியாத மேற்பார்வையாளர் வேலையைத் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது.

இன்னொரு விடயம் தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கும் மழைநீரே நமது கிணற்று நீர். கழிவும் அதே வழியால்தான் இறங்கும். சுன்னாகம், தெல்லிப்பழைப் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த பிரச்சினை 2014, 2015இல் எவ்வளவு பெரிதாக வெடித்தது என்பதை நாம் மறக்கவில்லை. கழிவு வண்டியை எங்கே கொட்டுவது, வாய்க்காலின் முடிவை எங்கே விடுவது என்று நின்ற இடத்தில் முடிவெடுப்பவர் மேற்பார்வையாளரே.

அப்படியானால் எதைப் பயிற்றுவிப்பது? இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவுக்கு இதே கேள்வி வந்தது. அனுபவசாலிகள் படைக்குப் போக, தொழிற்சாலைகள் புதியவர்களால் நிறைந்தன. 1940 முதல் 1945 வரை நடந்த 'தொழிலகத்தினுள் பயிற்சி' என்ற திட்டம் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பயிற்றுவித்தது. ஒவ்வொரு பாடமும் பத்து மணித்தியாலம் மட்டுமே. யுத்தத்தின் பின் அது ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா நிறுவனமும் அதைக் கைக்கொண்டது.

அதன் அடிப்படைப் பாடங்கள் மூன்று. முதலாவது, வேலையைக் கற்றுக் கொடுப்பது. மதகுக் குழாய் பதிக்க வந்த புதியவரை முதலில் தயார்ப்படுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு படியாகக் காரணத்தோடு செய்து காட்ட வேண்டும். பின்னர் அவரையே செய்யவிட்டுத் திருத்த வேண்டும். கடைசியாக, தனியே விட்ட பின்னரும் இடையிடையே போய்ப் பார்க்க வேண்டும். இரண்டாவது, வேலை முறையைச் சீராக்குவது. பொருளும் ஆளும் வந்து சேர்ந்த பின்னர்தான் மண்ணை வெட்ட வேண்டும் என்பது இதற்குள் வரும். மூன்றாவது, மனிதர்களோடு பழகுவது. குறையை நேரத்தோடு கேட்பது, நன்றாகச் செய்தவரைப் பாராட்டுவது, மாற்றங்களை முன்கூட்டியே சொல்வது. என் தெருவில் இரண்டாவதும் மூன்றாவதும் இருக்கவில்லை. வீதி வேலைக்குப் பாதுகாப்பையும் பதிவேடு எழுதுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 1999இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட இலங்கை உள்ளூராட்சி நிறுவகம் இருக்கிறது. வட மாகாணத்துக்கென முகாமைத்துவ அபிவிருத்திப் பயிற்சி அலகும் இருக்கிறது. பயிற்சி மேசையில் இருப்பவரோடு நின்றுவிடாமல், வெயிலில் நிற்கும் ஓவசியர் வரை போய்ச் சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வர்த்தகர்களாகிய நாம் என்ன செய்யலாம்? ஆண்டு இறுதியில் சபை வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும் போது, வேலைத்தள மேற்பார்வையாளர்களின் பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்று நமது உறுப்பினரிடம் கேட்கலாம். கடந்த வருடம் எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். வேலை தொடங்கும் திகதியை முன்கூட்டியே அறிவிக்கும்படி வர்த்தகர் சங்கத்தின் மூலம் கோரலாம்.

முடிக்குமுன் நம் கடைக்குள்ளும் பார்ப்போம். பத்து வருடம் விசுவாசமாகச் சாமான் நிறுத்த தம்பியை ஒரு நாள் கிளைக் கடைக்குப் பொறுப்பாக்குகிறோம். சாவியைக் கொடுக்கிறோம், கணக்கைக் கேட்கிறோம். ஆட்களை நடத்தும் விதத்தை எத்தனை பேர் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? நம் ஒவ்வொருவரிடமும் அவரவர் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். பொறுப்பைக் கொடுத்தவரும் அந்த விசாரணைக்கு உட்பட்டவர்தான். பொறுப்பு ஓர் அமானிதம். அதைச் சுமக்கப் பழக்கிவிட்டுக் கொடுப்போம். அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.