ரயிலின் கடைசித் தரிப்பிடத்தில் பனி: நகரில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் எங்கே சறுக்கலாம்?

கோப்பாயில் பனி என்றால் மார்கழி விடியலில் வெங்காயத் தாள்களில் நிற்கும் ஈரம். வெயில் ஏறினால் போய்விடும். எங்கள் பிள்ளைகள் படிக்கப் போகிற நாடுகளில் பனி விழுந்தால் மாதக்கணக்கில் நிலத்தை விட்டுப் போகாது. தடித்த ஜக்கெற், கறித்தூள், ஒடியல் மா எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறோம். அந்த மாதங்களை எப்படிக் கழிப்பது என்று மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

ஒஸ்லோவில் அண்ணாவின் குடும்பத்தோடு ஒரு குளிர்காலத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அப்போது ஊரிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு பெடியனைச் சந்தித்தேன். அவர் இருந்த மாணவர் விடுதியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஏரி. அதைச் சுற்றிலும் காட்டுக்குள்ளும் பனிச்சறுக்குப் பாதைகள். இரண்டு குளிர்காலம் அங்கே இருந்தும் அவர் ஒரு நாளும் அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "அண்ணை, அது வெள்ளைக்காரற்றை விளையாட்டு. காசுள்ளவைக்கு" என்றார். வகுப்பு, வேலை, அறை. மிச்ச நேரம் முழுக்கக் கைத்தொலைபேசி.

அவர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதி தெரியாமல் பல பிள்ளைகள் நீண்ட குளிர்காலத்தை அறைக்குள்ளேயே கழிக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

காசு கேட்கும் சறுக்கும் கேட்காத சறுக்கும்

பனிச்சறுக்கு என்றதும் எங்களுக்கு நினைவில் வருவது சினிமாவில் பார்த்த மலைச்சரிவு. கம்பியில் தொங்கும் இருக்கையில் மேலே போய் வேகமாகக் கீழே இறங்குவது. அதற்குக் காசு வேண்டும். இருக்கைக்கு நாட்சீட்டு, வாடகைக் கருவி, தலைக்கவசம், பல இடங்களில் போய்வரக் கார். மாணவருக்கு அடிக்கடி கட்டுப்படியாகாது.

இன்னொரு வகை, சமநிலத்திலும் சிறு மேடுபள்ளங்களிலும் நெடுந்தூரம் போவது. நோர்வேக்காரர் இதை 'லாங்ரென்' என்பார்கள். பலகை ஒடுக்கமானது, பாரம் குறைந்தது. சப்பாத்தின் முன்முனை மட்டும் பலகையில் பூட்டியிருக்கும், குதிக்கால் எழும்பும். பலகையின் நடுப்பகுதியில் பனியைப் பற்றிப்பிடிக்கும் மெழுகோ மயிர்ப்பட்டியோ இருக்கும். ஒரு காலை அழுத்தி உதைத்தால் அது பிடிக்கும், மற்றக் கால் வழுக்கி முன்னே போகும். அவ்வளவுதான் அதன் சூத்திரம். சைக்கிள் ஓடப் பழகியதுபோல விழுந்து விழுந்துதான் வரும். இந்தப் பாதைகளுக்கு ஒஸ்லோவில் நுழைவுச்சீட்டு இல்லை.

ஒஸ்லோ: ரயில் முடியும் இடத்தில் காடு

ஒஸ்லோவின் நிலக்கீழ் ரயில் பாதைகள் சில காட்டின் வாசலில்தான் முடிகின்றன. ஐந்தாம் இலக்க ரயிலில் ஏறினால் பல்கலைக்கழக வளாகம் இருக்கும் பிளிண்டர்ன் வரும். அதே பாதையில் பெரிய மாணவர் விடுதிகள் உள்ள கிறிங்ஷோ. அதற்கு அடுத்த தரிப்பிடம், கடைசித் தரிப்பிடம், சொங்ஸ்வான் ஏரி. விரிவுரை முடிந்து அதே ரயிலில், அதே மாதச்சீட்டில், பலகையைக் கையில் பிடித்தபடி போய் இறங்கலாம். அங்கிருந்து உல்லவோல்சேத்தர் என்ற காட்டுவிடுதிக்கு ஏறத்தாழ ஐந்தாறு கிலோமீற்றர். போய்ச் சூடாக ஏதாவது குடித்துவிட்டுத் திரும்பலாம்.

ஒன்றாம் இலக்க ரயில் ஹொல்மன்கொலன் வழியாக ஃபுறொக்னர்சேத்தரன் வரை மலையேறுகிறது. கடைசித் தரிப்பிடம் கடல்மட்டத்திலிருந்து 460 மீற்றருக்கும் மேலே. நகரத்துக்குள் மழை பெய்து சேறாகக் கிடக்கும் நாளிலும் மேலே பனி கிடக்கும். இந்தப் பாதையின் முதற்பகுதி 1898 இல் திறக்கப்பட்டது. ஹொல்மன்கொலனில் ஸ்கீ பாய்ச்சல் போட்டிகள் 1892 இலேயே தொடங்கிவிட்டன.

ஸ்கீ வேண்டாம் என்பவருக்கு அதே கடைசித் தரிப்பிடத்திலிருந்து 'கொர்க்கத்ரெக்கரன்' என்ற சறுக்குவண்டிப் பாதை இருக்கிறது. வளைந்து வளைந்து இரண்டு கிலோமீற்றர் கீழே இறங்கி, அங்குள்ள தரிப்பிடத்தில் ரயிலேறித் திரும்பவும் மேலே வரலாம்.

எம்மவர் பலர் வாழும் குரோருட் பள்ளத்தாக்கிலும் குடியிருப்புகளுக்குப் பின்னாலேயே லிலோமார்க்கா காடு தொடங்குகிறது. என் பெறாமகள் சறுக்கப் பழகியது அங்கேதான், பள்ளிக்கூடத்தோடு. "சித்தப்பா, இது விளையாட்டில்லை, நடக்கிறது மாதிரி" என்றாள். அவள் நடந்தாள். நான் முதல் நூறு மீற்றரில் எட்டுத்தரம் விழுந்தேன்.

மாலை மூன்றரைக்கே இருட்டிவிடும் நாட்டில் எப்போது சறுக்குவது என்று கேட்கலாம். பல பாதைகளுக்கு மின்விளக்குப் போட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து இரவில் போகிறவர்களே அதிகம். 1883 இல் தொடங்கிய 'ஷீஃபோரெனிங்கன்' என்ற பனிச்சறுக்குச் சங்கம், ஒஸ்லோவைச் சுற்றிய காடுகளில் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் மேலான பாதைகளை இயந்திரத்தால் சீராக்குகிறது. எந்தப் பாதை எப்போது சீராக்கப்பட்டது என்பதை அதன் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுப் புறப்படலாம்.

கருவி வாங்க வேண்டியதில்லை

புதுப் பலகை, சப்பாத்து, கைத்தடி எல்லாம் வாங்கப் போனால் மாணவரின் கைக்காசு போய்விடும். நோர்வேயில் 'பூஆ' என்ற பெயரில் விளையாட்டுக் கருவிகளை இரவல் கொடுக்கும் நிலையங்கள் நாடெங்கும் உண்டு. நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல எடுத்துப் பயன்படுத்தித் திருப்பிக் கொடுக்கலாம். பெரும்பாலான இடங்களில் இலவசம். 'ஃபின்' என்ற இணையச் சந்தையில் பாவித்த கருவிகள் மலிவாகக் கிடைக்கும். மயிர்ப்பட்டி ஒட்டிய பலகையாகப் பார்த்து எடுத்தால், காலநிலைக்கு ஏற்ப மெழுகு மாற்றிப் பூசும் தலையிடி இல்லை.

இடத்தை யார் கொடுத்தது?

பனி இயற்கை தந்தது. ஆனால் அதில் கால் வைக்க நிலம் வேண்டும். நோர்வேயில் அந்த உரிமையைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

1957 ஆம் ஆண்டின் வெளிக்கள வாழ்க்கைச் சட்டத்தின்படி காடு, மலை போன்ற பயிரிடாத நிலங்களில், உரிமையாளர் தனியாராக இருந்தாலும், எவரும் கால்நடையாகவோ ஸ்கீயிலோ போகலாம். பிரசையா, மாணவரா, அகதியா என்று சட்டம் கேட்பதில்லை. இன்னும் வியப்பானது தோட்ட நிலத்துக்கான விதி. நிலம் உறைந்தோ பனியால் மூடியோ இருக்கும்போது, ஏப்ரல் 30 முதல் ஒக்ரோபர் 14 வரையான காலம் தவிர, பயிர் நிலத்துக்கு மேலாகவும் போகலாம். வீட்டு வளவுக்குள் மட்டும் போகக்கூடாது. பயிரில்லாத மாதங்களில் கமக்காரனுக்கு நட்டமில்லை, வழிப்போக்கனுக்கு வழி கிடைக்கிறது. ஒஸ்லோவைச் சுற்றிய காடுகளில் கட்டடங்கள் முளைக்காமல் இருக்க 2009 இல் தனிச்சட்டமே கொண்டுவந்தார்கள்.

வேலிக்கு வேலி எல்லை பார்க்கும் ஊர்க்காரனான எனக்கு இது முதலில் நம்பமுடியாமல் இருந்தது. பிறகு வேறொன்று உறைத்தது. வலிகாமம் வடக்கில் 1990 இல் எழும்பிய சனம் தங்கள் சொந்தக் காணிக்குள் கால் வைக்கப் பல பத்தாண்டு காத்திருந்தது. சிலர் இன்னும் காத்திருக்கிறார்கள். கோப்பாயில் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் படைமுகாம் நிற்கிறது. நிலத்தில் நடக்கிற உரிமை எவ்வளவு பெரியது என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்த உரிமை சும்மா கிடைக்கும் நாட்டுக்குப் போன பிள்ளை அதைப் பயன்படுத்தாமல் அறைக்குள் இருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

முன்னே போனவர்கள்

நோர்வேக்கும் எங்களுக்குமான தொடர்பு போரோடு தொடங்கவில்லை. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வே சென்றார். அங்கே அவர் சேர்த்த ஆதரவில்தான் காரைநகரில் 'சீநோர்' மீன்பிடித் திட்டம் உருவானது. பிறகு, குறிப்பாக 1983 க்குப் பின்னர், எங்கள் இளைஞர் பலர் அங்குள்ள மக்கள் உயர்பள்ளிகளில் மாணவராகச் சேர்ந்து போனார்கள். பரீட்சை இல்லாத, தங்கிப் படிக்கும் பள்ளிகள் அவை. மொழியோடு அந்த நாட்டு வாழ்க்கையையும் பழக்குவார்கள், குளிர்காலத்தில் வெளியே போவதும் அதில் ஒரு பகுதி. பின்னர் பலர் வடக்கே ஃபின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போனார்கள். ஸ்கீயில் கால் வைக்கும் தமிழ் மாணவர் ஒன்றும் புதுமையல்ல.

ரொறன்ரோவிலும் சூரிச்சிலும்

எல்லா நகரமும் ஒஸ்லோ அல்ல. ரொறன்ரோ தட்டையான ஊர். ஆனாலும் நகரசபை நடத்தும் சிறு சறுக்குமேடுகள் உண்டு. வடயோர்க்கில் ஏர்ல் பேல்ஸ் பூங்கா, எற்றோபிக்கோவில் சென்ரெனியல் பூங்கா. மேடு சிறியதுதான், ஆனால் கருவி வாடகைக்குக் கிடைக்கும், வகுப்பும் உண்டு. ஏர்ல் பேல்ஸ் பூங்காவுக்கு ஷெப்பர்ட் வீதிப் பஸ்ஸில் போகலாம். பழகுவதற்கு அது போதும். கொலிங்வூட்டுக்கு அருகிலுள்ள புளூ மவுண்டனுக்குக் காரில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். அது ஆண்டுக்கு ஒருதரம், நண்பர்கள் நாலுபேர் காசு சேர்த்துப் போகிற இடம்.

சூரிச்சில் மாணவர்களுக்கு 'ஏ.எஸ்.வி.ஸெட்' என்ற பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம் இருக்கிறது. அதன் மூலம் பனி விளையாட்டுகளிலும் சேரலாம். ரயிலில் ஒரு மணித்தியாலம் போய் உன்ரர்ரெர்ஸனில் இறங்கினால், ஃபுளும்சர்பேர்க் மலைக்குத் தொங்குவண்டி இருக்கிறது. சுவிஸில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள பெற்றோர் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பள்ளி கட்டாயமாக்கும் முகாமுக்குப் பெற்றோரிடம் பிள்ளையின் சாப்பாட்டுச் செலவை மட்டுமே கேட்கலாம் என்று 2017 டிசம்பரில் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயதைப் பொறுத்து நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங் வரைதான். காசில்லை என்று பிள்ளையை மறிக்குமுன் பள்ளியிடம் விசாரியுங்கள்.

முதல் நாள் போகிறவருக்கு

ஜீன்ஸும் பருத்தி உடுப்பும் வேண்டாம். அவை வியர்வையை உறிஞ்சி ஈரமாகி உடம்பைக் குளிர வைக்கும். உள்ளே கம்பளி, மேலே காற்றுப் புகாத மெல்லிய மேலுடுப்பு. புறப்படும்போது கொஞ்சம் குளிர்ந்தால்தான் சரி, பத்து நிமிடத்தில் உடம்பு சூடேறிவிடும்.

விழப்போகிறீர்கள் என்று தெரிந்தால் பக்கவாட்டில் குந்தியபடி விழுங்கள். கைகளை முன்னே ஊன்றினால் மணிக்கட்டுக்குக் கேடு. பனியில் வெட்டிய இரட்டைத் தடத்தில் சப்பாத்தோடு நடக்கக்கூடாது, பின்னால் வருபவர் விழுவார். நோர்வேக் காட்டில் சிவப்பு அடையாளம் குளிர்காலப் பாதை, நீலம் கோடைப் பாதை. சிவப்பை விட்டு விலகாதீர்கள். உறைந்த ஏரியில் உள்ளூரவர் போகாத இடத்தில் நீங்களும் போகாதீர்கள். முதல்முறை தனியே போகவேண்டாம்.

பனி முன்னைப்போல் நம்பத்தக்கதாக இல்லை என்பதும் உண்மை. தாழ்வான இடங்களில் அது பிந்தி வந்து முந்திப் போகிறது. ஒஸ்லோவுக்கு அருகே லோரன்ஸ்கூக்கில் 2020 இல் உள்ளரங்கச் சறுக்கு மண்டபமே கட்டிவிட்டார்கள். அதற்குக் காசு வேண்டும். அதனால் பனி கிடக்கும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

தொலைபேசியில் கேட்க இன்னொரு கேள்வி

மார்கழியில் ஒஸ்லோவின் பகல் ஆறு மணித்தியாலம்கூட வராது. கோப்பாயில் எந்த மாதத்திலும் பதினொரு மணித்தியாலத்துக்குக் குறையாத பகலில் வளர்ந்த பிள்ளைக்கு அது சின்ன மாற்றமல்ல. போர்க்காலத்தில் பிறந்து, கடன்பட்டு அனுப்பப்பட்ட பிள்ளை, தோற்றுவிடக்கூடாது என்ற பாரத்தோடு தனியறையில் இருக்கும்போது இருட்டு இன்னும் கனக்கும். 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து புதிதாக வரும் மாணவர்களிடம் நோர்வேயும் படிப்புக் கட்டணம் அறவிடுவதால் அந்தப் பாரம் கூடியிருக்கிறது.

சறுக்கப் போனால் எல்லாம் தீரும் என்று நான் சொல்ல வரவில்லை. மனம் உடைந்த பிள்ளைக்கு வைத்தியம் வேண்டும். குளிர்கால வெயில் விற்றமின் டி தராது, அதற்கு மீனெண்ணெயோ மாத்திரையோ எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வெளிச்சமுள்ள ஓரிரு மணித்தியாலம் வெளியே நிற்பதும், உடம்பு வியர்ப்பதும், எதிரே வருகிறவர் தலையசைத்துப் போவதும் ஒரு பிள்ளையை வாரம் முழுக்கத் தாங்கக்கூடியவை.

எங்கள் அம்மாமார் தொலைபேசி எடுத்தால் முதலில் கேட்பது "சாப்பிட்டியோ?" அடுத்தது "படிக்கிறியோ?" மார்கழி, தை மாதங்களில் மூன்றாவதாக ஒன்றையும் கேளுங்கள்: "இண்டைக்கு வெளியிலை போனியோ?" படிப்பை விட்டுவிட்டு விளையாடச் சொல்வதாக அந்தப் பிள்ளை நினைக்காது. வெளியே போக வீட்டிலிருந்து அனுமதி கிடைத்ததாக நினைக்கும்.