எந்த நாட்டுக்கு ஓடுவது?

"நைஜீரியாவில் பிறந்தவர் பஹ்ரைனுக்காக ஓடி மெடல் வாங்குவது மோசடி இல்லையா அண்ணா?" என்று கேட்டாயே தம்பி, அதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. இன்னொரு டீ சொல். மேலே கொல்லிமலைக்குப் போகிற பஸ் முள்ளுக்குறிச்சிக்கு வர நேரம் இருக்கிறது.

நீ கேட்பது கெமி அடெகோயாவைப் பற்றி. 1993இல் நைஜீரியாவில் பிறந்தவர். 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டுக்கு வந்தபோது உடையில் பஹ்ரைன் பெயர். 400 மீட்டரிலும் 400 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம் வாங்கினார். 2016இல் போர்ட்லாண்டில் உள்ளரங்க உலகப் போட்டியில் 400 மீட்டர் தங்கம்.

ஏன் நாடு மாறுகிறார்கள்? ஒலிம்பிக்கில் ஒரு நாட்டிலிருந்து ஓர் ஓட்டத்துக்கு மூன்று பேருக்குத்தான் இடம். வேகக்காரர்கள் நிறைந்த நாட்டில் நான்காவதாக வருகிறவர் வீட்டில் உட்கார வேண்டியதுதான். பஹ்ரைனிலும் கத்தாரிலும் பணமும் பயிற்சியும் இருக்கின்றன; ஓட ஆள் குறைவு. அழைப்பு வந்தால் போகிறார்கள். வேலை தேடி துபாய்க்குப் போன நம் ஊர்ப் பையனை யாரும் துரோகி என்று சொல்வதில்லையே. அடெகோயா மாறியதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அவர் மேல் எனக்குள்ள வருத்தம் வேறு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல்முறையாக 4x400 கலப்புத் தொடர் ஓட்டம் நடந்தது. நம் அணியில் முகமது அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ், நம் லால்குடிக்காரர் ஆரோக்கிய ராஜீவ். பஹ்ரைன் முதலில் வந்தது, நாம் 3 நிமிடம் 15.71 விநாடியில் இரண்டாவது. பஹ்ரைன் அணியில் அடெகோயாவும் ஓடினார். பிறகு அவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். நான்கு ஆண்டு தடை, ஜகார்த்தா முடிவுகளும் ரத்து. 2020இல் நம்மவர்களுக்குத் தங்கம் என்று அறிவித்தார்கள். தடை ஓட்டத்தில் நான்காவதாக வந்த நம் அனு ராகவனுக்கு வெண்கலம். காகிதத்தில் வந்த அந்தத் தங்கத்துக்கு மைதானத்தில் தேசியகீதம் ஒலிக்கவில்லை. ராஜீவ் மேடையின் உச்சியில் நின்றிருக்க வேண்டியவர், தம்பி. அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

இங்கேதான் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறோம். பாஸ்போர்ட் மாற்றுவது விதிக்கு உட்பட்டது, மருந்து எடுப்பது விதியை மீறியது. அடெகோயா தண்டனைக் காலம் முடிந்து திரும்பினார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 54.45 விநாடியில் ஜெயித்தார். அதே ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தவர் கோவை வித்யா ராம்ராஜ். முந்தின நாள் தகுதிச் சுற்றில் அவர் ஓடிய 55.42 விநாடி, 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா வைத்த தேசிய சாதனைக்குச் சமம். 39 வருடம் அசையாமல் நின்ற நேரம் அது. அந்த வெண்கலத்தை எனக்குப் பல தங்கங்களைவிடப் பிடிக்கும்.

நாடு மாறுவதும் முன்போல எளிதில்லை. ஏழைநாட்டுப் பிள்ளைகளைச் சந்தைச் சரக்குபோல வாங்குகிறார்கள் என்ற புகார் பெருகியதால், 2017 பிப்ரவரியில் உலகத் தடகள அமைப்பு எல்லா மாற்றங்களையும் நிறுத்தியது. 2018 ஜூலையில் புது விதிகள் வந்தன. ஒரு நாட்டுக்கு ஓடியவர் இன்னொன்றுக்கு ஓட மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் மாறலாம். புது நாட்டோடு உண்மையான தொடர்பு இருக்கிறதா என்று ஒரு குழு பார்க்கும். எனக்கு மிகவும் பிடித்த விதி, 20 வயதுக்கு முன் மாறவே முடியாது என்பது. பள்ளிப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக இனி வழியில்லை.

உன்னை யாராவது கூப்பிட்டால் இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள். நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.