டொலர் கடனா, முழுப் புலமைப்பரிசிலா?

உயர்தரப் பெறுபேறு வெளியாகி, இசட் புள்ளி வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை என்று தெரிந்ததும் பல வீடுகளில் அடுத்த பேச்சு நகையையும் காணி உறுதியையும் பற்றியதாகவே இருக்கிறது. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியே தீருவது என்று வாப்பா முடிவெடுத்து விடுகிறார். முதல் வருடக் கட்டணம் எப்படியோ கட்டப்படுகிறது. மீதி வருடங்களை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்கிறோம்.

ரூபாயில் விற்று டொலரில் கடன் தீர்க்க எந்த வியாபாரியும் யோசிப்பார். பிள்ளையின் படிப்பென்றால் மட்டும் அந்த யோசனை வருவதில்லை. 2022 ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. பிள்ளை பாதிப் படிப்பில் இருந்த குடும்பங்களின் கதியை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகம் கட்டணத்தில் ஒரு சதமும் கூட்டவில்லை என்றாலும் வாப்பாவின் சுமை முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது.

கல்விக் கண்காட்சிகளில் '50 வீதப் புலமைப்பரிசில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது நாம் பெருநாள் சீசனில் கடையில் போடும் விலைக்கழிவு மாதிரித்தான். கட்டணம், தங்குமிடம், மாதாந்தக் கொடுப்பனவு, மருத்துவக் காப்புறுதி, விமானச் சீட்டு ஆகிய ஐந்தும் உண்டா என்று கேளுங்கள். ஐந்தும் இருந்தால்தான் அது முழுப் புலமைப்பரிசில்.

அப்படியானவை இருக்கவே செய்கின்றன. துருக்கி அரசு 2012 முதல் வழங்கிவரும் 'துர்கியே புர்ஸ்லாரி' இந்த ஐந்தையும் தருகிறது. மேலதிகமாக ஒரு வருடம் துருக்கி மொழியும் கற்பிக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. முதல் பட்டத்துக்கு 21 வயதுக்குக் குறைந்தவராகவும் 70 வீதப் புள்ளியாவது பெற்றவராகவும் இருக்க வேண்டும். மருத்துவத்துக்கு 90 வீதம். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று உயர்தரம் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வயதெல்லைதான் கதவை அடைக்கிறது. விண்ணப்பம் வழமையாக ஜனவரி 10 முதல் பெப்ரவரி 20 வரை. பெறுபேறு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இறுதி வருடத்தில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம்.

இந்திய அரசு கொழும்பிலுள்ள உயர்ஸ்தானிகராலயம் ஊடாக நேரு நினைவு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி என்ற பெயர்களில் புலமைப்பரிசில்கள் வழங்கிவருகிறது. மருத்துவமும் சட்டமும் அதில் அடங்காது. பாகிஸ்தானின் அல்லாமா இக்பால் திட்டம் இலங்கை மாணவருக்கென்றே வகுக்கப்பட்டது. வெளிநாட்டில் மருத்துவம் படிக்க நினைப்போர் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவச் சபை அங்கீகரித்திருக்க வேண்டும், திரும்பி வந்தபின் இங்கு ஒரு பரீட்சையிலும் தேற வேண்டும். இலவசமாகக் கிடைத்தாலும் அங்கீகாரமில்லாத பட்டத்தை வைத்து என்ன செய்வது?

இவற்றைப் பற்றி ஏஜென்சிக்காரர் ஏன் வாய் திறப்பதில்லை என்று சிலர் கேட்கிறார்கள். காரணம் எளிது. தனியார் பல்கலைக்கழகம் சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவனுக்கும் கொமிஷன் கொடுக்கிறது. அரசாங்கப் புலமைப்பரிசிலில் அப்படி எதுவும் இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன், அவருக்கும் கடை வாடகை இருக்கிறது.

இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி 1983இல் தொடங்கிய திட்டம் வேறு விதமானது. உறுப்புரிமை இல்லாத நாடுகளிலுள்ள முஸ்லிம் சமூகங்களுக்கான அதில், மாணவன் பெறுவது கர்ழ் ஹஸன். படித்து முடித்து உழைக்கத் தொடங்கியதும் வட்டியின்றித் திருப்பிச் செலுத்த வேண்டும். அந்தப் பணம் வங்கிக்குப் போவதில்லை, அதே சமூகத்தின் அடுத்த மாணவனுக்கென ஒதுக்கப்படுகிறது. எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இதுதான். ஊர்ப் பள்ளிவாசல் நிருவாகங்கள் ஸக்காத் நிதியோடு கலக்காமல் இப்படி ஒரு சிறு நிதியை ஏன் ஆரம்பிக்கக் கூடாது?

உள்நாட்டில், அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதோருக்காக 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டத்தில் வட்டியை அரசாங்கமே கட்டுகிறது. அதுவும் கடன்தான், ஆனால் ரூபாயில்.

விண்ணப்பிக்க எண்ணுவோர் டிசம்பருக்குள் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியர் இருவரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக்குங்கள். கடவுச்சீட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 'முஹம்மத்' என்ற ஒரு பெயரை நம்மவர் எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.