டிகிரி காபி தெரியும்... டிகிரி கத்தி?

மச்சான் வெளிநாட்டிலிருந்து வருகிறான் என்றதும் சென்ட் பாட்டிலை எதிர்பார்த்தேன். வந்தது ஒரு மடக்குக் கத்தி!

‘‘மாமா, இது சாதா ஸ்டீல் இல்லே. ராக்வெல் 61!’’ என்றான் பெருமையாக. ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் போலிருக்கிறது என்று தலையாட்டி வைத்தேன்.

சும்மா சொல்லக் கூடாது. மூணு மாசம் ஆபீசில் நான்தான் ஹீரோ. பார்சல் பிரிக்க, பென்சில் சீவ, பர்த்டே கேக் வெட்ட... எல்லாத்துக்கும் ‘‘சார், அந்தக் கத்தி!’’ ஒருநாள் அட்டைப்பெட்டியில் இருந்த கம்பி பின்னை அதே கத்தியால் நெம்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். விளிம்பில் எறும்புப் பல் அளவுக்கு ஒரு சில்லு காணோம்.

அதற்குப் பிறகும் விடுவேனா? வெட்டவில்லை என்று அழுத்தினேன். கத்தி வழுக்கி, இடது ஆள்காட்டி விரலில் மூன்று தையல்! கூர்மையான கத்தி சொன்ன இடத்தில் வெட்டும். மழுங்கிய கத்தி அதற்கு இஷ்டப்பட்ட இடத்தில் வெட்டும்.

தெருவில் சாணை பிடிக்க வந்தவரிடம் கொண்டு போனேன். நகத்தில் லேசாக வைத்துப் பார்த்தார்.

‘‘இதை என் வீல்ல வெக்க மாட்டேன் சார். அஞ்சு நிமிஷத்துல பளபளன்னு ஆயிடும். ஆனா சூட்டுல பதம் போயிடும். ஒரு கல்லு வாங்கி, தண்ணி விட்டு, நீங்களே மெதுவா தீட்டுங்க.’’

வந்த வருமானத்தை வேண்டாம் என்கிற மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பொறி பறக்கும்போது மெல்லிய விளிம்பு சட்டென்று சூடாகிவிடும். நீல நிறம் கண்டுவிட்டால், சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டாயிற்று என்று அர்த்தம். அந்த இடத்தில் கெட்டித்தனம் குறைந்துவிடும்.

அதென்ன ராக்வெல்? வைர முனை ஒன்றை 150 கிலோ பாரத்தில் ஸ்டீலில் அழுத்துவார்கள். எவ்வளவு குறைவாக இறங்குகிறதோ அவ்வளவு அதிக மார்க். சுவிஸ் ராணுவத்துக்கு 1891-ல் கத்தி கொடுக்க ஆரம்பித்தாரே கார்ல் எல்ஸ்னர், அவர் தொடங்கிய விக்டோரினாக்ஸின் பேனாக்கத்தி சுமார் 56 மார்க்தான். அது மழுங்கும்போது விளிம்பு மடங்கும். சாதாரணக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் பழையபடி வெட்டும். 60-க்கு மேல் போன ஸ்டீல் அவ்வளவு சுலபத்தில் மடங்காது. ஆனால் நெம்பினால் சில்லு தெறிக்கும். அதாவது சில மேனேஜர்கள் மாதிரி... வளையவே மாட்டார்கள், உடைந்துதான் போவார்கள்!

இனி டிகிரிக்கு வருவோம். கல்லுக்கும் பிளேடுக்கும் நடுவே இருக்கிற சாய்வுதான் கோணம். கோடரிக்குப் பக்கத்துக்கு 25 முதல் 30 டிகிரி, பேனாக்கத்திக்கு 20, மெல்லிய ஜப்பானிய சமையல் கத்திக்கு 15 என்று தோராயமாக வைத்துக் கொள்ளலாம். கோணம் அகலமானால் விளிம்பு அதிக நாள் உழைக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவான ‘காட்ரா’ மெஷின் மணல் கலந்த அட்டையைக் கத்தியால் வெட்டிக்கொண்டே இருக்கும். அதில் பார்த்தால், ஒரே ஸ்டீலில் கோணத்தைக் குறைக்கக் குறைக்க, வெட்டி முடிக்கும் அட்டையின் அளவு கூடுகிறது! காரணம், மெல்லிய விளிம்பு கொஞ்சம் தேய்ந்த பிறகும் மெல்லிசாகத்தான் இருக்கிறது.

ஆக, கெட்டி ஸ்டீலின் லாபமே அதை 15 டிகிரிக்கு மெலிதாகத் தீட்டலாம் என்பதுதான். 25 டிகிரியில் தீட்டினால், புல்லட் வாங்கி ஃபர்ஸ்ட் கியரிலேயே ஓட்டுவது போல. ஆனால் எலும்பு, கம்பி, நெம்பல் என்று முரட்டு வேலை உண்டென்றால் 20-க்குக் கீழே இறங்காதீர்கள்.

கோணத்தை அளக்கக் கருவி வேண்டாம். ஆபீஸ் பேப்பர் போதும். மூலை 90, ஒரு மடிப்பில் 45, இன்னொரு மடிப்பில் இருபத்திரண்டரை. அதை விடக் கொஞ்சம் தாழ்த்தினால் 20. பிளேடு 2 செ.மீ. அகலம் என்றால், முதுகைக் கல்லிலிருந்து 7 மி.மீ. தூக்கினால் 20 டிகிரி, 5 மி.மீ. தூக்கினால் 15. விளிம்பில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டுத் தீட்டுங்கள். கறுப்பு எங்கே அழிகிறதோ, அங்கேதான் கல் படுகிறது. மறுபக்கம் மெல்லிய பிசிறு கிளம்பியதும் கத்தியைத் திருப்புங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், விளிம்பு பின்னால் வருகிற மாதிரி பத்து இழுப்பு. பிசிறு போய்விடும்.

கல்லில் ஒரு சுவாரசியம்! பல தீட்டுக்கற்களில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு. இயற்கையில் கிடைக்கும் அதே சரக்குக்கு ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்று பெயர். நம் தமிழ்க் ‘குருந்தம்’தான் கடல் கடந்து அப்படி ஆகிவிட்டது! ஆனால், வனேடியம் நிறையச் சேர்த்த ஸ்டீலில் உள்ள கார்பைடு துகள்கள் குருந்தத்தையே தோற்கடித்துவிடும். அந்த மாதிரிக் கத்திக்கு வைரத்தூள் பதித்த தகடுதான் சரி.

சில்லு மறைய எனக்கு நாலு ராத்திரி பிடித்தது. ‘‘பதினோரு மணிக்குக் கத்தி தீட்டற புருஷனைப் பார்த்தா பக்கத்து வீட்ல என்ன நினைப்பாங்க?’’ என்று வீட்டில் ஒரே கவலை.

போன வாரம் சாணைக்காரர் வந்தார். கத்தியைக் காட்டினேன். ஒரு பேப்பர் துண்டைத் தொங்கவிட்டு வெட்டிப் பார்த்தார். சத்தமே இல்லாமல் இரண்டாகியது.

‘‘என்ன சார், என் பொழப்புல மண்ணைப் போட்டுடுவீங்க போலிருக்கே?’’ என்று சிரித்தார்.

வீட்டு அரிவாள்மனையை எடுத்து வந்து அவரிடமே நீட்டினேன். இந்தத் தடவை காசு வாங்கிக்கொண்டார்.